குலுக்கம் போயிற்று, குரல் என்ன ஆயிற்று?

ஒரு பொருளைச் செப்பனிட்டு, முன்னிலும் மேலானதாகச் செய்து கொடுத்தால், அதை வாங்குவோர் அனைவரும் ஏகமனதாக மகிழ்ச்சி அடைவார்கள் என்று எண்ணுவது இயல்பு. உலக வழக்கம் அப்படியில்லை. அம்மியை மூலையில் சாய்த்துவிட்டு மின்சார அரைவை யந்திரம் வாங்கிய வீடுகளில், "துவையல் நன்றாய்த்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய ருசி இல்லை" என்று சொல்லாத பாட்டிமார்கள் எத்தனை பேர்? அப்படிச் சொல்வதில் உண்மை எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது சுலபமல்ல. ஆயினும், பிரித்துப் பார்த்தே தீர வேண்டிய ஒரு விவாதம் சில வருஷங்களாக நமது குருசுக்குப்பத்துத் தெருக்களில் நடந்து வருகிறது. அதற்கு விஷயம் அம்மி அல்ல; மோட்டார் சைக்கிள்.

புதுவை நகரின் வடபுறத்தில் கடலை ஒட்டி அமைந்தது குருசுக்குப்பம். நேர் கோடு பிடித்தாற்போன்ற தெருக்களையுடைய பழைய பிரெஞ்சு நகரம் முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கடந்து, வாலிபர்கள் கூட்டங் கூட்டமாக மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் 'ராயல் என்பீல்டு' வண்டிகளுக்குக் குறைவே இராது. குப்பத்திலும் அவ்வண்டி வைத்திருப்போர் உண்டு. இவ்விரு சாராரும் தேநீர்க் கடை வாசலில் ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்துவிட்டால் போதும். விவாதம் தொடங்கி விடும்.

2021-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்த ஸ்தாபனம் தன்னுடைய 'கிளாஸிக் 350' என்னும் வண்டியை, வெளித் தோற்றம் பெரிதும் மாறாதபடி வைத்துக்கொண்டு, உள்ளே முற்றும் புதிதாக அமைத்து வெளியிட்டது. அதற்கு முன் வாங்கியவர்கள் ஒரு கட்சி. பின் வாங்கியவர்கள் மற்றொரு கட்சி. "நடுக்கமே இல்லை, பட்டுப் போல ஓடுகிறது" என்பது புதியவர்களின் பெருமை. "நடுக்கம் போனதோடு அதன் குரலும் போய்விட்டது" என்பது பழையவர்களின் வருத்தம். இரு தரப்பாரையும் நாம் விசாரித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

ஆசானை மிஞ்சிய சீடன்

முதலில் இவ்வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் இங்கிலீஷ்காரன் சொத்து என்று தோன்றும். ஆதியில் அப்படித்தான். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் தையல் ஊசி செய்வதற்குப் பேர் போனது. அங்கே ஊசி செய்து வந்த ஒரு தொழிற்சாலை சைக்கிளில் இறங்கி, பிறகு 1901-ல் மோட்டார் சைக்கிளும் செய்ய ஆரம்பித்தது. என்பீல்டு என்னும் இடத்திலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த தொடர்பினால் அந்தப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

சுதந்திரம் பெற்ற பின், 1950-களின் தொடக்கத்தில், நமது இராணுவத்தார் எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடியபோது இந்த ஸ்தாபனத்தின் 'புல்லட்' வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுவை பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுபட்டு 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய ஆட்சியின் கீழ் வந்தது அல்லவா? அதற்கு மறு வருஷம், 1955-ல், 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' என்ற சென்னை வியாபார ஸ்தாபனமும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வை ஏற்படுத்தின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வோர் உறுப்பாக இங்கேயே செய்யக் கற்றார்கள்.

இதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. ஜப்பானிய வண்டிகளின் போட்டியைத் தாங்க மாட்டாமல் இங்கிலாந்துத் தாய் ஸ்தாபனம் 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளையோ தொழிலை விடவில்லை. 1977-ல் அவ்வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் தொடங்கிற்று! பஞ்சைக் கொண்டுபோய்த் துணியாகத் திருப்பி விற்றவர்களின் தேசத்துக்கு, அவர்கள் மறந்துவிட்ட யந்திரத்தை நாம் செய்து விற்றது நினைத்து மகிழத் தக்கதே. 1994-ல் ஐஷர் ஸ்தாபனத்துடன் இது ஒன்றாயிற்று. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. ஆகவே, நாம் பேசுகிற வண்டி தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கைகளால் உருவாவது. அதன் குணதோஷங்களை அலசுவது நமது வீட்டுக் காரியமேயாகும்.

நடுக்கத்தின் காரணம்

நடுக்கம் ஏன் உண்டாயிற்று, எப்படிப் போயிற்று என்பதை யந்திரப் பயிற்சி இல்லாதவர்களும் எளிதில் அறியலாம்.

கிளாஸிக் வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. புதிய எஞ்சினில் அது ஒரு தடவை ஏறும் தூரம் 85.8 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும்போது, அந்த உலோகத் துண்டு ஒரு விநாடியில் அறுபது தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று திரும்ப வேண்டும். இந்த உதைப்பெல்லாம் சட்டத்தின் வழியாகக் கைப்பிடிக்கும் ஆசனத்துக்கும் வந்து சேருகிறது. பழைய வண்டிகளை ஓட்டியவர்களின் விரல்கள் நெடுந்தூரப் பிரயாணத்தில் மரத்துப் போனது இதனால்தான்.

படகில் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் படகு திரும்பிக்கொண்டே போகும். எதிர்ப் பக்கத்தில் இன்னொருவன் அதே வேகத்தில் துடுப்புப் போட்டால் நேராகச் செல்லும். குப்பத்துக் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். புதிய எஞ்சினில் அந்த இரண்டாவது துடுப்புக்காரனாக ஒரு சமநிலைத் தண்டை வைத்திருக்கிறார்கள். பெரிய தண்டு ஒரு திசையில் சுற்ற, இது அதே வேகத்தில் எதிர்த் திசையில் சுற்றி, உதைப்பிற்கு எதிர் உதைப்புக் கொடுக்கிறது. போதாதற்கு வண்டியின் சட்டத்தையும் மாற்றினார்கள். முன்பு எஞ்சினுக்கு முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கிற்று, இப்போது இரட்டைக் குழாய் இறங்கி அதைத் தொட்டில் போலத் தாங்குகிறது. 349 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இந்த எஞ்சினின் சக்தி சுமார் 20 குதிரைகளுடையது. பழையதற்கும் ஏறக்குறைய அதே சக்திதான். ஆகவே செலவிட்ட சிரமமெல்லாம் வேகத்துக்காக அல்ல, சுகத்துக்காக.

மூன்று தலைமுறை, மூன்று அபிப்பிராயம்

குருசுக்குப்பத்தில் பிரெஞ்சு இராணுவத்தில் சேவை செய்து உபகாரச் சம்பளம் பெறுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். 'சொல்தா' என்று இவ்வூரார் வழங்கும் வகுப்பைச் சேர்ந்தவர். வார்ப்பிரும்பு எஞ்சின் வைத்த புல்லட் வண்டி ஒன்றை இன்றும் ஓட்டி வருகிறார். அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. முதலில் ஒரு சிறு நெம்புகோலைப் பிடித்து எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். காலால் மெல்ல மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் சமயம் பார்க்க வேண்டும். பின்பு முழு உடம்பையும் கொடுத்து ஒரே உதை. தப்பினால் மிதி திரும்பி வந்து முழங்காலைப் பதம் பார்க்கும்.

"வாத்தியாரையா, இந்த வண்டி யாருக்கும் அடங்காது; எனக்கு மட்டும் அடங்கும். புது வண்டியில் பொத்தானை அமுக்கினால் என் பேரனுக்கும் அடங்குகிறது, அடுத்த வீட்டுப் பையனுக்கும் அடங்குகிறது. அப்புறம் அதில் என்ன இருக்கிறது?" என்றார் அவர்.

பெரியவர் சொல்லுவதைச் சிரித்துத் தள்ளிவிடலாகாது. 2021-ல் வந்த கிளாஸிக்கில் உதைமிதியே கிடையாது. மின்சாரப் பொத்தான் ஒன்றுதான். பாட்டரி தீர்ந்து போனால் தள்ளித்தான் ஓட்ட வேண்டும் என்பது பழைய கட்சியாரின் நியாயமான ஆட்சேபம்.

இரண்டாவது அபிப்பிராயம் 2009-க்கும் 2021-க்கும் இடையில் விற்ற கிளாஸிக்கை வைத்திருக்கும் ஓர் ஆபீஸ் குமாஸ்தாவினுடையது. அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கிளாஸிக் வண்டிகள் விற்றன. ஆகவே பழைய குரலுக்காக ஏங்குவோரில் மிகுதியானவர் இந்தத் தலைமுறையினரே. "என் வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டில் காப்பி வைத்து விடுவார்கள், புது வண்டி வாங்கினால் கதவைத் தட்டித்தான் காப்பி கேட்க வேண்டும்" என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் சென்னைக்கு ஒரு முறை நண்பருடைய புதிய வண்டியில் சென்று திரும்பிய பிறகு, தம் கையில் எரிச்சல் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது அபிப்பிராயந்தான் நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றியது. அதைச் சொன்னவர் வண்டி ஓட்டுபவர் அல்ல. பின்னால் அமர்ந்து செல்பவர். மீன் ஏலம் எடுக்கும் ஒருவரின் மனைவி. "பத்து வருஷம் பழைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வீட்டுக்கு வந்து இறங்கினால் இடுப்பு என்னுடையதாகவே இராது. அந்தச் சத்தம் அழகு, அழகு என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். புது வண்டி வந்த பிறகுதான் போகிற வழியில் இருவரும் பேசிக்கொண்டு போக முடிகிறது" என்றார் அந்த அம்மாள்.

இந்த விவாதத்தில் இதுவரை யாரும் பின் ஆசனத்தைக் கலந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. நடுக்கத்தைக் கவிதை என்று வர்ணிப்பவர் கைப்பிடியைப் பிடித்திருப்பவர். அதைச் சகித்துக்கொள்கிறவர் பின்னால் இருப்பவர்.

வர்ணமும் விலையும்

இனி வண்டியின் வகைகளைப் பற்றிய அபிப்பிராயம். ஒரே எஞ்சின், ஒரே சட்டம். ஆனால் 2021-ல் ஐந்து பெயர்களில், ஐந்து விலைகளில் விற்றார்கள். ரெடிச், ஹால்சியன், ஸிக்னல்ஸ், டார்க், க்ரோம் என்பன அவை. சென்னையில் அப்போது கடை விலை ரெடிச்சுக்குச் சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய். க்ரோமுக்குச் சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம். இடையிலுள்ள முப்பதாயிரத்துச் சொச்சத்துக்கு என்ன கிடைத்தது?

க்ரோம் வகையில் கண்ணாடி போன்ற பளபளப்பு. கல்யாண ஊர்வலத்துக்கு நிறுத்தினால் கண்ணைப் பறிக்கும். ஆனால் உப்புக் காற்று வீசுகிற குப்பத்தில் அந்தப் பளபளப்பைக் காப்பது வைரத் தோட்டைக் காப்பது போன்ற வேலை. நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி வைக்காவிட்டால் துரு புள்ளி வைத்து விடும். "கடற்கரைக்காரனுக்குக் கறுப்பு வர்ணமே சிலாக்கியம்" என்பது இங்குள்ளவர்களின் ஒருமித்த தீர்ப்பு. டார்க் வகைக்கு வேறொரு காரணத்தாலும் இங்கே மதிப்பு. அதற்குக் கம்பிச் சக்கரம் இல்லை. உலோகக் கலவையால் வார்த்த சக்கரம். உள்குழாய் இல்லாத டயர். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே அடைப்பு வைத்துவிடலாம். இராத்திரி வேளையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியே நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஸிக்னல்ஸ் வகை நமது இராணுவத்தைக் கௌரவிக்கும் வர்ணங்களைக் கொண்டது. அதைத் தேச பக்தியோடு வாங்குகிறவர்களை நாம் குறை கூறவில்லை.

இவையெல்லாம் அவரவர் ருசியும் கைப்பணமும் பொறுத்தவை. ஆனால் ஒரு வித்தியாசம் மட்டும் ருசியைப் பொறுத்ததல்ல. அதுதான் பிரேக்.

அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அடியோடு நின்றுவிட்டால் வண்டி சறுக்கும். சக்கரம் நின்று போகாதபடி நொடிக்கு நொடி பிடித்துப் பிடித்து விடுகிற அமைப்புக்கு ஏ.பி.எஸ். என்று பெயர். 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகள் அனைத்திலும் 2019 ஏப்ரல் முதல் இது இருக்க வேண்டும் என்று இந்திய அரசாங்கம் விதித்தது. ஆனால் ஒரு சக்கரத்தில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டது. ஆகவே 2021-ல் விலை குறைந்த ரெடிச் வகைக்கு முன் சக்கரத்தில் மட்டும் அவ்வமைப்பு; பின்னால் பழைய மாதிரி டிரம் பிரேக். இரு சக்கரத்திலும் காப்பு வேண்டுமானால் ஏறக்குறைய 9 ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து அடுத்த வகையை வாங்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பணமுள்ளவர் பளபளப்பு வாங்கட்டும். பணமில்லாதவர் மங்கல் வர்ணத்தோடு திருப்தி அடையட்டும். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்து மணல் படிந்த கடற்கரைச் சாலையில் இருவரும் ஒரே லாரிக்குப் பின்னால் பிரேக் பிடிக்கிறார்கள். அங்கே மட்டும் பணமில்லாதவருக்குப் பாதிக் காப்பு என்பது என்ன நியாயம்? இவ்வாறு விற்றவர் ஒரு ஸ்தாபனத்தார் மட்டுமல்லர். சட்டம் இடம் கொடுத்தபடி மோட்டார் வியாபாரத்தில் பரவிய வழக்கம் இது. மேலும் வாங்குகிறவர்களும் இதைக் கேட்பதில்லை. நாம் விசாரித்த சொந்தக்காரர்களில் வர்ணத்தின் பெயரைத் தடையின்றிச் சொன்னவர்கள் பலர். தம் வண்டியின் பின் சக்கரத்தில் என்ன பிரேக் இருக்கிறது என்று குனிந்து பார்த்தே சொன்னவர்களும் பலர்!

பந்தய வண்டி கற்பிக்கும் பாடம்

இதே ஸ்தாபனத்தார் வேகப் பிரியர்களுக்காக 'காண்டினென்டல் ஜி.டி.' என்ற பந்தய பாணி வண்டியையும் செய்கிறார்கள். 2013-ல் லண்டனில் வெளியான அதன் முதல் அவதாரம் 535 கன சென்டிமீட்டர், ஒற்றைச் சிலிண்டர். அழகில் குறைவில்லை; நடுக்கத்திலும் குறைவில்லை. 2018-ல் அதை அடியோடு மாற்றி, 648 கன சென்டிமீட்டரில் இரட்டைச் சிலிண்டர் வைத்தார்கள். சக்தி 29 குதிரையிலிருந்து 47 குதிரையாக உயர்ந்தது; நடுக்கமோ பெரிதும் தணிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கன. முதலாவது, அந்த வண்டியில் 'பழைய நடுக்கம் போயிற்றே' என்று ஏங்குவோரைக் காண்பது அரிது. வேகத்துக்காக வாங்குகிறவர் யந்திரத்தை யந்திரமாகப் பார்க்கிறார்; கிளாஸிக் வாங்குகிறவரோ அப்பாவின் ஞாபகத்தையும் சேர்த்து வாங்குகிறார். அப்பாவின் குரல் மாறினால் யாருக்குத்தான் பொறுக்கும்? மேலும், அந்த இரட்டைச் சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிக்காதபடி தண்டின் கோணத்தை 270 டிகிரியாக அமைத்து, குரலில் ஒரு தாளத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். குலுக்கத்தை நீக்கினால் குரலையும் இழந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

இரண்டாவது, அந்த வண்டியை எந்த வர்ணத்தில் வாங்கினாலும் இரு சக்கரத்திலும் ஏ.பி.எஸ். உண்டு. அங்கே வகை என்பது அலங்காரத்தோடு நின்றது. பெரிய வண்டியில் செய்யக் கூடியதைச் சிறிய வண்டியிலும் செய்வதுதான் முறை.

பட்டறையும் பாடசாலையும்

பழைய வண்டியின் பக்கத்தில் பேசக் கூடிய இன்னொருவர் மிகுந்திருக்கிறார். அவர் தெருமுனை மெக்கானிக். பழைய எஞ்சினை ஸ்பானரும் திருப்புளியும் செவியும் கொண்டே பழுது பார்த்தார். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் நோய் என்று தூரத்திலிருந்தே சொல்லுவார். புதிய வண்டியில் பெட்ரோலைப் பீய்ச்சுவது ஒரு சிறு கணிப்பொறி. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் இது தவிர்க்க முடியாததாயிற்று. குளறினால் அதன் மனத்தைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். "செவி போதவில்லை, சார், கருவி வாங்கப் பணமும் போதவில்லை" என்று நமது மெக்கானிக் சொன்னபோது, குரல் போயிற்று என்று வருந்துவோரைவிட இவருடைய வருத்தம் ஆழமானது என்று உணர்ந்தோம்.

ஆனால் இதற்குப் பரிகாரம் பழைய நடுக்கத்தை மீட்பதன்று. தொழிற் பயிற்சிப் பள்ளிகளில் மாலை வகுப்பு வைத்து, வேலை செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகளுக்குப் புதிய கருவிகளைக் கற்பிக்க வேண்டும். கருவி வாங்கக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் தர வேண்டும். சீமை யந்திரத்தைத் திருவொற்றியூர்த் தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லையா? அவருடைய பேரன் வயதினர் கணிப்பொறியைக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

குரலுக்காக ஏங்குகிற வாலிபர்கள் சிலர் வேறொரு குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். கம்பெனி கொடுத்த சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, தெருவே அதிரும் குழாய் ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். இது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம். பெங்களூர் முதலிய நகரங்களில் போலீஸார் இத்தகைய குழாய்களைப் பிடுங்கி, சாலை உருளையை ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தொட்டிலில் குழந்தை தூங்குகிற தெருவில் ஒருவருடைய ஞாபகார்த்தத்துக்காக ஊரையே எழுப்பலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள வண்டிகளின் சரக்கு, சேவை வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. முன்பு எட்டாத வீடுகளுக்கும் இவ்வண்டி இனி எட்டலாம். அவ்வீட்டார் கடைக்குப் போகும்போது, வர்ணப் படங்களைக் காட்டுமுன் பின் சக்கரத்தின் பிரேக்கைக் காட்டும்படி கேட்க வேண்டும். பேரம் முடியுமுன் வீட்டிலுள்ள அம்மாளைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்து, கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவர வேண்டும். குரலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த அம்மாள் ஒருவரே போதும்.